ஜன்னல் கைப்பிடி உடைந்தால்: காரணம் கண்டு, அளவெடுத்து, வீட்டிலேயே மாற்றும் முறை

ஜன்னல் கைப்பிடி பெரும்பாலும் தானாக உடைவதில்லை. கதவு நிலையில் உரசினாலோ, கீல் தளர்ந்து கதவு இறங்கிவிட்டாலோ, உள்ளே இருக்கும் பூட்டு அழுக்கேறி இறுகிவிட்டாலோ, அதைத் திறந்து மூட நாம் நாளுக்கு நாள் சற்றுக் கூடுதலாகப் பலம் கொடுக்கிறோம். அந்தப் பலத்தை எல்லாம் தாங்குவது ஒரு சிறிய கைப்பிடியும் அதைப் பிடித்திருக்கும் சில திருகாணிகளும்தான். ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னால், பழைய கைப்பிடி எதனால் போயிற்று என்பதைக் கண்டுபிடித்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் புதியதைப் பொருத்தினால், அதுவும் அதே வழியில் போகும்.

உடைந்த விதமே காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடும். கைப்பிடி முழுதாக இருந்து திருகாணிகள் மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால், துளை தேய்ந்துவிட்டது என்று பொருள். கழுத்துப் பகுதியில் இரண்டாக முறிந்து, முறிந்த இடம் சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று தெரிந்தால், அது துத்தநாகக் கலவையில் வார்த்த கைப்பிடி; வளைந்து கொடுக்காத அந்த உலோகம் மிகைப் பலத்தில் சட்டென முறியும். முறியாமலே, திருப்பும்போது எந்தத் தடையும் இன்றிச் சுற்றிக்கொண்டே இருந்தால், கைப்பிடிக்குள் இருக்கும் சதுரக் கம்பியோ, கதவுக்குள் இருந்து பூட்டை நகர்த்தும் கியர் பாக்ஸோ தேய்ந்திருக்கும். மேற்பூச்சு உரிந்து, அடியில் வெள்ளைப் பொடியோ சிவப்புத் துருவோ படிந்திருந்தால், அது உப்புக் காற்றின் வேலை. திருவான்மியூர், தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உரசல் எங்கே என்று பார்க்க ஒரு செய்தித்தாள் போதும். ஒரு தாளைக் கதவுக்கும் நிலைக்கும் இடையில் வைத்து மூடி, மெதுவாக இழுத்துப் பார்க்கவும். நான்கு பக்கமும் இப்படிச் செய்தால், தாள் எங்கே இறுகிக் கிழிகிறது, எங்கே தடையின்றி வருகிறது என்பது தெளிவாகத் தெரியும். கீல் பக்கம் மேலே இடைவெளியும், அதற்கு எதிர்ப்பக்கம் கீழே இறுக்கமும் இருந்தால் கதவு தொய்ந்திருக்கிறது. முதலில் கீல் திருகாணிகளை இறுக்கிவிட்டு, அதன் பிறகே கைப்பிடியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மரக் கதவாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். கதவு இறுகுகிறதே என்று அப்போதே இழைப்புளி போட்டுச் சீவிவிட்டால், கோடையில் மரம் சுருங்கிய பிறகு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிடும். மழைக்காலத்தில் உரசும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்து ஒப்பேற்றுங்கள். சீவுவதாக இருந்தால் மரம் நன்றாகக் காய்ந்த மாதங்களில் சீவுங்கள். கதவின் விளிம்பில் பெயின்ட் இல்லாமல் விட்டிருந்தால் ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. அதையும் பூசிவிடுவது நல்லது.

பாதுகாப்பு

நம் வீடுகளில் நிலையோடு சேர்ந்து கம்பி இருக்கும். கதவு கம்பிக்கு வெளியே திறக்கும். தரைத்தளமாக இருந்தால் வெளியே நின்று சுலபமாக வேலை செய்யலாம். மாடியாக இருந்தால் கம்பிகளுக்கு இடையே கையை விட்டுத்தான் செய்ய வேண்டும். அப்படிச் செய்யும்போது, கழற்றப் போகும் கைப்பிடியிலும் பொருத்தப் போகும் கைப்பிடியிலும் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையைக் கம்பியில் கட்டிவிடுங்கள். கைதவறினால் அது கீழே நடந்து போகிறவர் தலையில் விழாமல் அங்கேயே தொங்கும். ஸ்க்ரூ டிரைவருக்கும் இதே ஏற்பாடு வேண்டும். முனை காந்தமாக இருக்கும் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் திருகாணி நழுவாது. காற்றில் கதவு ஆடாதபடி கொக்கியை மாட்டி வையுங்கள், அல்லது கதவையும் கம்பியில் கட்டிவிடுங்கள்.

சன்ஷேட் மேல் இறங்கி நின்று வேலை செய்யவே கூடாது. அது மழையையும் வெயிலையும் தடுக்கப் போட்டது. பல பழைய கட்டடங்களில் உள்ளே கம்பி துருப்பிடித்து, காரை உதிரும் நிலையில் இருக்கிறது. உள்ளிருந்து கை எட்டவில்லை என்றால், தகுந்த ஏற்பாட்டோடு வரும் ஆளைக் கூப்பிடுவதே சரி.

மர ஜன்னல்

பழைய திருகாணியைக் கழற்றுவதுதான் இதில் பாதி வேலை. பல முறை பெயின்ட் அடித்ததில் திருகாணித் தலையின் வெட்டு அடைபட்டிருக்கும். உடைந்த ஆக்சா பிளேடுத் துண்டால் அந்த வெட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு, வெட்டின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரை நேராக வைத்து அழுத்துங்கள். துருப்பிடித்திருந்தால் டபிள்யூ டி 40 போன்ற எண்ணெயைத் தெளித்துக் கால் மணி நேரம் விட்டு, ஸ்க்ரூ டிரைவரின் பின்முனையில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். பிறகு உடனே கழற்றும் பக்கம் திருப்பாமல், முதலில் இறுக்கும் பக்கம் ஓர் இம்மி திருப்புங்கள். துருவின் பிடி விட்டு ஒரு சிறிய ‘டக்’ சத்தம் வரும். அதன் பிறகு கழற்றினால் பெரும்பாலும் வந்துவிடும். தலை முறிந்து உடல் உள்ளேயே தங்கிவிட்டால், மரத்தைக் குடைந்து பாழாக்காமல், கைப்பிடியை ஒரு இன்ச் மேலேயோ கீழேயோ நகர்த்திப் பொருத்துவது மேல்.

அடுத்தது தேய்ந்த துளை. இதே துளையில் அதே திருகாணியை மறுபடி முறுக்குவதால் பயனில்லை. சற்றுப் பெரிய திருகாணி போட்டால் சில காலம் தாங்கும், ஆனால் மெல்லிய சட்டம் பிளக்க வாய்ப்புண்டு. மரத்துக்குள் மரத்தையே அடைப்பதுதான் நிலையான வழி. எரிந்து முடிந்த ஊதுவத்திகளின் குச்சிகள் மூங்கில்தான். அவற்றைக் கரி இல்லாமல் துடைத்து, ஃபெவிகாலில் தோய்த்து, துளைக்குள் மேலும் நுழையாத வரை ஒவ்வொன்றாகச் செருகி, ஓர் இரவு காயவிடுங்கள். காலையில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பிளேடால் மட்டமாக அறுத்துவிட்டு, நடுவில் புதிதாகத் துளையிடலாம். எட்டாம் நம்பர் திருகாணியின் உடல் சுமார் 4.2 மி.மீ. தடிமன் இருக்கும்; தேக்கு போன்ற கெட்டியான மரத்தில் அதற்கு 3 மி.மீ. துளையும், மென்மையான மரத்தில் அதைவிடச் சற்றுச் சிறிய துளையும் போடுவது பொருத்தம். துளையே போடாமல் முறுக்கினால் மரம் பிளக்கும், அல்லது திருகாணியின் தலை தேயும்.

கதவை இழுக்கும் கைப்பிடி முழு இழுவையையும் தாங்க வேண்டியிருப்பதால், சட்டம் மிகவும் நைந்துபோன இடங்களில் திருகாணியை விட்டுவிட்டு, கதவை ஊடுருவும் துளை போட்டு, மறுபக்கம் வாஷரும் நட்டும் வைத்து போல்ட் போடுவது உறுதியானது. பார்வைக்குக் கொஞ்சம் முரடாக இருக்கலாம். ஆனால் அந்தக் கைப்பிடி மறுபடி கையோடு வராது.

பழைய வீட்டில் பித்தளைக் கைப்பிடியும் பித்தளைத் தாழ்ப்பாளும் இருந்தால், தயவுசெய்து அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலும் திருகாணிதான் போயிருக்குமே தவிர, பொருள் போயிருக்காது. புளி போட்டுத் தேய்த்து, கழுவிக் காயவைத்து, அதே இடத்தில் அதையே பொருத்தலாம். இப்போது கடையில் அந்த விலைக்குக் கிடைக்கும் எதையும்விட அது நீடித்து உழைக்கும். பித்தளைக்குப் பித்தளைத் திருகாணியே போட வேண்டும். ஆனால் அது மென்மையானது, கெட்டி மரத்தில் நேரடியாக முறுக்கினால் தலை முறிந்துவிடும். அதே அளவுள்ள இரும்புத் திருகாணி ஒன்றை முதலில் முழுவதும் முறுக்கி மரத்தில் புரி விழச் செய்து, அதை எடுத்துவிட்டு, பித்தளைத் திருகாணியில் மெழுகோ சோப்போ தடவி முறுக்குவது தச்சர்கள் கையாளும் முறை.

கைப்பிடியை மாற்றும் அதே நாளில் தாழ்ப்பாளையும் பாருங்கள். தாழ்ப்பாளின் கம்பி நிலையில் உள்ள துளைக்கு நேராக இறங்குகிறதா, அல்லது விளிம்பில் முட்டி நிற்கிறதா? முட்டினால் கதவை ஒரு கையால் தூக்கி, மறு கையால் தாழ்ப்பாள் போடும் பழக்கம் வீட்டில் வந்திருக்கும். அந்தத் தூக்கலைத் தாங்குவதும் கைப்பிடியே. துளையை ஒரு நூல் அளவுக்கு, அதாவது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு, அரத்தால் ராவிப் பெரிதாக்கினாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

யுபிவிசி ஜன்னல்

அடுக்குமாடி வீடுகளில் இப்போது அதிகம் காணப்படும் யுபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக்) ஜன்னல்களில் நிலைமை வேறு. இங்கே கைப்பிடி என்பது வெறும் பிடி மட்டும் இல்லை. அதன் பின்புறத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சதுரக் கம்பி கதவுக்குள் உள்ள கியர் பாக்ஸைத் திருப்புகிறது. கியர் பாக்ஸ் கதவின் விளிம்பில் உள்ள நீண்ட உலோகப் பட்டையை மேலும் கீழும் நகர்த்துகிறது. அந்தப் பட்டையிலுள்ள குமிழ்கள் நிலையில் உள்ள உலோகத் துண்டுகளுக்குள் போய் மாட்டிக்கொள்கின்றன. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி இறுகினாலும் கைப்பிடிதான் உடையும்.

முதலில் கைப்பிடியைக் கழற்ற வேண்டும். அடித்தட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் அல்லது உலோக மூடி இருக்கும். அதை மெல்ல முன்னால் இழுத்து 90 பாகை திருப்பினால் மேலும் கீழும் இரண்டு திருகாணிகள் தெரியும். சில வகைகளில் கைப்பிடியைப் பாதி திருப்பினால்தான் கீழ்த் திருகாணி வெளியே தெரியும். அப்போது கதவின் பூட்டு விலகியிருக்கும் என்பதால், இன்னொருவர் கதவைப் பிடித்துக்கொள்வது நல்லது. கழற்றும் முன், மூடிய நிலையில் கைப்பிடி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிப் பொருத்தும்போது பலர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

கைப்பிடி கையில் வந்ததும், கதவைத் திறந்து வைத்து, சதுரத் துளைக்குள் பழைய சதுரக் கம்பியையோ, பொருந்தும் அளவுள்ள தட்டை ஸ்க்ரூ டிரைவரையோ விட்டு, கியர் பாக்ஸைத் திருப்பிப் பாருங்கள். கதவு திறந்திருக்கும்போது மென்மையாகத் திரும்பினால் கியர் பாக்ஸ் நலமாக இருக்கிறது. பிறகு கதவை மூடிக்கொண்டு திருப்புங்கள். இப்போது மட்டும் இறுகினால், குமிழ்கள் நிலையில் உள்ள துண்டுகளோடு நேராகச் சேரவில்லை. குமிழ்களில் ஆலன் கீ (அறுகோணச் சாவி) நுழையும் துளை இருந்தால் அதைச் சற்றுத் திருப்பி இறுக்கத்தைக் குறைக்கலாம். அல்லது நிலையில் உள்ள துண்டின் திருகாணிகளைத் தளர்த்தி ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்தலாம். கதவு திறந்திருக்கும்போதும் கரகரவென்று இறுகினாலோ, எதையும் நகர்த்தாமல் சும்மா சுற்றினாலோ, கியர் பாக்ஸையும் மாற்றியாக வேண்டும். புதுக் கைப்பிடி மட்டும் வாங்குவது வீண் செலவு.

கதவு பூட்டிய நிலையிலேயே கைப்பிடி முறிந்துவிட்டால் பதற்றப்பட வேண்டாம். அடித்தட்டைக் கழற்றி, எஞ்சியிருக்கும் சதுரக் கம்பியைக் குறடால் இறுகப் பிடித்துக் கால் வட்டம் திருப்புங்கள். அந்த நேரத்தில் இன்னொருவர் கதவின் விளிம்பை நிலையோடு சேர்த்து அழுத்தினால் குமிழ்களின் மேல் உள்ள நெருக்கம் தளர்ந்து பூட்டு எளிதாக விலகும்.

இனி அளவு. கடையில் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் கைப்பிடிகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க நான்கு அளவுகள் வேண்டும். அடித்தட்டின் இரண்டு திருகாணித் துளைகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரம் முதலாவது; பரவலாக இருப்பது 43 மி.மீ. சதுரக் கம்பியின் தடிமன் இரண்டாவது. பெரும்பாலும் 7 மி.மீ. அந்தக் கம்பி அடித்தட்டின் பின்புறத்திலிருந்து எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்பது மூன்றாவது. இதுதான் ஜன்னலுக்கு ஜன்னல் மாறும், இதில்தான் அதிகம் தவறு நேர்கிறது. கம்பி குட்டையாக இருந்தால் கியர் பாக்ஸின் நுனியை மட்டும் பிடித்து விரைவில் தேய்க்கும். நீளமாக இருந்தால் அடித்தட்டு கதவோடு ஒட்டி உட்காராது. கம்பி நீளமாக உள்ள கைப்பிடியை வாங்கி, ஆக்சாவால் தேவையான அளவுக்கு அறுத்து, முனையை அரத்தால் ராவிக்கொள்ளலாம். குட்டையை நீட்ட வழியில்லை. நான்காவது, திருகாணியின் தடிமனும் நீளமும். வழக்கமாக எம்5 வகை, அதாவது 5 மி.மீ. தடிமன், இருக்கும். பழைய திருகாணியின் நீளத்தையே பின்பற்றுங்கள். அதிக நீளமானது உள்ளே முட்டி பூட்டின் அசைவைத் தடுக்கும்.

இந்த நான்கையும் குறித்துக்கொண்டாலும், பழைய கைப்பிடியை ஒரு பையில் போட்டுக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அடித்தட்டின் பின்புறம் சிறு குமிழ்கள் இருக்கின்றனவா, கைப்பிடி நேரானதா அல்லது ஒரு பக்கம் வளைந்ததா என்பதையெல்லாம் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது எளிது. வளைந்த வகையில் இடப்பக்கக் கதவுக்கு ஒன்றும் வலப்பக்கக் கதவுக்கு வேறொன்றும் உண்டு. மாற்றி வாங்கினால் பிடி கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் சட்டத்துக்கு வெளியே போய் நிற்கும். கதவுக்கும் கம்பிக்கும், அல்லது கதவுக்கும் கொசுவலைக்கும் இடையே உள்ள இடைவெளியையும் அளந்து வையுங்கள். அழகாக இருக்கிறதே என்று பருமனான கைப்பிடியை வாங்கி வந்து, கம்பியில் இடித்துக்கொண்டு பாதிக்கு மேல் திரும்பாமல் நிற்பது பல வீடுகளில் நடக்கிறது.

பொருத்தும்போது, கியர் பாக்ஸும் கைப்பிடியும் ஒரே நிலையில் இருக்க வேண்டும்: இரண்டும் பூட்டிய நிலை, அல்லது இரண்டும் திறந்த நிலை. சதுரக் கம்பியைத் துளைக்குள் நேராக விட்டு, அடித்தட்டு கதவோடு ஒட்டிய பிறகு, இரண்டு திருகாணிகளையும் முதலில் விரலாலும் பிறகு ஸ்க்ரூ டிரைவராலும் மாறி மாறி இறுக்குங்கள். ட்ரில் மிஷினால் இறுக்க வேண்டாம். ஒரு கட்டத்துக்கு மேல் இறுக்கினால் அடித்தட்டு வளைந்து கைப்பிடி திரும்பவே மறுக்கும். அப்படி ஆனால் அரைச் சுற்று தளர்த்தினால் சரியாகிவிடும். மூடியைத் திருப்பி மாட்டும் முன், கதவைத் திறந்தும் மூடியும் சில முறை பார்த்துவிடுங்கள்.

சாவி போட்டுப் பூட்டும் கைப்பிடி சிறு குழந்தைகள் உள்ள மாடி வீடுகளுக்கு மிகவும் பயனுள்ளது. சாவியை அந்த அறையிலேயே, குழந்தைக்கு எட்டாத ஆனால் வீட்டிலுள்ள பெரியவர் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டி வைக்க வேண்டும்.

அலுமினிய நகரும் ஜன்னல்

இதில் வேலை குறைவு. பூட்டு இரண்டு திருகாணிகளில்தான் நிற்கிறது. துளைகளின் இடைவெளியும் கொக்கி நீட்டும் அளவும் ஒத்துப்போனால் போதும். பூட்டு மாட்டவில்லை என்றால் பெரும்பாலும் அடியிலுள்ள ரோலர் தேய்ந்து கதவு இறங்கியிருக்கும். தண்டவாளப் பள்ளத்திலுள்ள மண்ணைப் பழைய பல் துலக்கியால் தள்ளிச் சுத்தம் செய்து, ரோலரைச் சரிசெய்த பிறகு பூட்டைப் பாருங்கள். அலுமினியச் சட்டம் மெல்லியது என்பதால் துளை தேய்ந்துவிட்டால் அடுத்த அளவுத் திருகாணியோ பாப் ரிவெட்டோ போட வேண்டும். இரும்போ பித்தளையோ இதில் வேண்டாம். உப்பு ஈரத்தில் அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் அரித்துப்போகும்.

எந்த உலோகம் வாங்குவது என்பதில் கடலோரத்தில் இருப்பவர்கள் சற்றுக் கூடுதலாகச் செலவு செய்வது நியாயம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று விற்கப்படுபவற்றில் 202 வகை மலிவானது. நிக்கல் குறைவாக இருப்பதால் உப்புக் காற்றில் சீக்கிரம் கறை பிடிக்கும். 304 வகை கடலிலிருந்து தள்ளியுள்ள பகுதிகளுக்கு நன்றாகவே போதும். கடலுக்கு மிக அருகில் இருந்தால், மாலிப்டினம் கலந்த 316 வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். காந்தம் ஒட்டவில்லை, எனவே நல்ல ஸ்டீல் என்று கடையில் செய்து காட்டுவதை நம்பிவிடாதீர்கள். 202 வகையிலும் காந்தம் பொதுவாக ஒட்டாது. கைப்பிடி எந்த உலோகமோ, திருகாணியும் அதே தரத்தில் இருக்கட்டும். நல்ல கைப்பிடியை மட்டமான இரும்புத் திருகாணியால் பொருத்தினால், முதல் மழைக்குப் பிறகு சுவரில் செம்மண் நிறத்தில் கோடு வழியும்.

பொருத்திய ஒரு வாரம் கழித்துத் திருகாணிகளை ஒருமுறை சரிபாருங்கள். புதிதாக உட்கார்ந்தவை கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். அதன் பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை, ஒன்று மழைக்கு முன் செப்டம்பரில், இன்னொன்று மழை முடிந்த பிறகு, ஈரத் துணியால் உப்பையும் தூசியையும் துடைத்து எண்ணெய் விட்டால் போதும். கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் தையல் மிஷின் எண்ணெய் நல்லது. தேங்காய் எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசுபிசுத்துவிடும். யுபிவிசி ஜன்னலுக்கு சிலிக்கான் ஸ்பிரே பயன்படுத்துங்கள், ஏனென்றால் கதவைச் சுற்றியுள்ள கறுப்பு ரப்பரில் கனிம எண்ணெய் பட்டால் அது ஊதிப் பதம் கெடும். ஊதிய ரப்பர் கதவை மறுபடி இறுக்கும், இறுகிய கதவு மறுபடி கைப்பிடியை உடைக்கும்.